பரணில் வைத்த டம்ளர்

எங்கள் வீட்டு வாசல் மணிக்கு மேலே மருமகள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். ‘பிள்ளை உறங்குகிறான், மணி அடிக்க வேண்டாம்’ என்று எழுதி, கீழே உதட்டில் விரல் வைத்த பொம்மை ஒன்றும் வரைந்திருக்கிறாள். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சத்தத்தை வாடகைக்கு விட்டுச் சோறு தின்கிறவன் வீட்டில் இப்படி ஒரு காகிதம்.

சுரண்டையிலிருந்து செங்கோட்டை வரைக்கும் என் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத ஊர் கிடையாது. கோயில் கொடையோ கல்யாணமோ தேர்தல் கூட்டமோ, தென்காசியில் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருக்கும் இங்கிலீஷைப் படிக்க வராது. ஆனால் பத்துப் பெட்டி சேர்ந்து பாடும்போது எந்தப் பெட்டியில் எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என்னிடம் வேலை பார்க்கிறவர்களில் இரண்டு பேர் இஞ்சினியருக்குப் படித்தவர்கள். அவர்கள் மீட்டரை எடுத்து வருவதற்குள் நான் காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யார் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை என்று மேடையேறிப் பேசியிருக்கிறேன். அந்த மேடையில் மைக்கும் என்னுடையது, பெட்டியும் என்னுடையது.

காகிதம் ஒட்டிய அன்று மத்தியானச் சாப்பாட்டில் மருமகளிடம் ஆரம்பித்தேன்.

“இதென்னம்மா பெரிய காரியம்? ஒம்பது வயசுல நான் ஒரு வீட்டையே ஊமையாக்கி வச்சிருந்தேன்.”

கதையைச் சொன்னேன். சேவலைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவளுக்குப் புரை ஏறிவிட்டது. “அப்புறம் பிள்ள உறங்குனானா மாமா?” என்று கேட்டாள். “உறங்குனான். முழுசா மூணு மணி நேரம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன்.

இந்தக் கதையை எத்தனையோ பந்தியில் சொல்லியிருக்கிறேன். எப்போதும் அந்த இடத்தில்தான் கை கழுவ எழுந்திருப்பேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்போது எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு இறங்கி வயலை ஒட்டி இருந்தது. ஓட்டு வீடு. முன்னால் நடுவீடு, அதை அடுத்து அடுப்படி, அதற்கும் பின்னால் மாட்டுத் தீவனம் போட்டு வைக்க இறக்கிய சாய்ப்பு. அவ்வளவுதான். அக்கா பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது. ஆண் பிள்ளை. அதுவும் உடம்பு பிடிக்காமல் சுருங்கிப்போய்க் கிடந்தது. நன்றாக உறங்கினால்தான் தேறும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அவனோ உறங்கவே மாட்டான். ஒரு கரண்டி விழுந்தால் முழித்துக்கொள்வான். தொட்டில் ஆட்டம் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து வீறிடுவான். அதனால் நடுவீட்டில் தொங்கிய தொட்டிலில் ஒரு நீளக் கயிறு கட்டி, அதைச் சுவர் ஓரமாகவே கொண்டுபோய் அடுப்படிக்குள் விட்டிருந்தாள் அம்மா. அக்கா அடுப்படியில் இருந்தபடியே இழுத்து ஆட்டுவாள்.

பட்டாளத்தில் இருந்த அத்தான் ஆடி மாதம் லீவில் வருவதாகக் காகிதம் போட்டிருந்தார். பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. அக்கா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுவாள்.

“மொதப் பிள்ளையத்தான் அவுக கண்ணுல காட்டல. இதயும் இப்படி எலும்பும் தோலுமாவா காட்டுதது?”

அதே காகிதத்தில் இன்னொரு சேதியும் இருந்தது. அத்தான் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வைத்திருக்கிறார், அதையும் கொண்டு வருகிறார். எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் டிரான்சிஸ்டர் கிடையாது. நான் அந்த வரியை மட்டும் அக்காவைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அவள் என் ஆசையைக் கண்டுகொண்டாள்.

“ஏலே, ஒரு சத்தம் வராம நீ வீட்டப் பாத்துக்கிட்டா, அந்த டிரான்சிஸ்டர அவுக ஒங்கையிலதான் குடுப்பாக. நான் சொல்லுதேன்.”

அன்றைக்கே நான் வேலையில் சேர்ந்தேன். என் வாழ்நாளில் அதற்குப் பிறகு பார்த்த எந்த வேலையையும் அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை. கிணற்றுக் கப்பிக்கு விளக்கெண்ணெய் ஊற்றினேன். கதவின் குடுமிக்கும் ஊற்றினேன். ஆட்டுக்குட்டியின் கழுத்து மணிக்குள் கந்தலைத் திணித்தேன். சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்தேன். அது கூடைக்குள் இருந்து முன்னைவிடக் கோபமாகக் கூவியது. ஞாயிற்றுக்கிழமை அது குழம்பானது. அந்தத் தீர்ப்பும் என்னுடையதுதான். பூம்பூம் மாட்டுக்காரரைத் தெருமுனையிலேயே மறித்து, ஒரு கை அரிசியைக் கொடுத்து, “அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு நல்ல காலம் எல்லாம் வந்து சேந்துட்டு. நீங்க அடுத்த தெருவப் பாருங்க” என்று அனுப்பி வைத்தேன். அம்மா அம்மி அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அப்பாவுக்குத் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்க்க ஓட வேண்டும்.

“பட்டாளத்துல மருமவன் இருக்காராலே, இல்ல நீ இருக்கியா?” என்று அப்பா வயலிலிருந்து திரும்பி வந்து கேட்பார். அதையும் கிசுகிசுப்பாகத்தான் கேட்க வேண்டும்.

குரங்குதான் சொன்னபடி கேட்காது. சீசன் நெருங்கினால் குற்றாலத்தில் கூட்டம் சேரும், தின்னக் கிடைக்கும். அங்கே போகிற குரங்கெல்லாம் எங்கள் ஓட்டின் மேலேதான் வழி வைத்திருந்தன. தடதடவென்று ஓடும். கத்தி விரட்டவும் முடியாது. கவட்டையில் கல் வைத்து அடித்தேன். ஒரு கல் குறி தப்பி ஓட்டில் பட்டது. ஓடு ஒன்றில் விரிசல் விழுந்தது எனக்குத் தெரியும். மழை இல்லாத நாள், அதனால் வேறு யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் தாலியை இழந்து தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். சொந்தப் பிள்ளை கிடையாது. அக்காவையும் என்னையும் வளர்த்தவள் அவள்தான். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விடுவாள், எங்கள் தொட்டிலை ஆட்டியது அத்தை. இந்தப் பிள்ளை பிறப்பதற்கு முந்தின வருஷம், வயலில் நாற்றுக் கட்டைத் தூக்கும்போது அப்படியே சரிந்தாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஓங்கிக் குரல் எடுத்தால் ‘ஆ’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அவளுக்கே பிடிக்காது, வெட்கப்படுவாள். நடுவீட்டுச் சுவர் ஓரமாக நார்க்கட்டிலில் கிடந்தாள். நல்ல கை இடது கை.

அந்தக் கையில் ஒரு பித்தளை டம்ளரைக் கொடுத்துப் பேச வைத்தது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, நிஜம். கட்டில் காலில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புறவாசலுக்குப் போக வேண்டும், அம்மாவைக் கூப்பிடு. மூன்று என்றால் பசி. நான்கு என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்கார். இந்தக் கணக்கு முழுக்க நான் போட்டது. மற்றவர்கள் எண்ணி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிடும். அவள் எப்படித் தட்டுகிறாள் என்பதை வைத்தே, தாகம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். நாலு தட்டுக்கு நான் போய் உட்கார்ந்தால் என் காதைப் பிடித்து லேசாகத் திருகுவாள். அதுதான் அவள் பேச்சு.

பித்தளை டம்ளர் மரக்கட்டிலில் பட்டால் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பத்து தடவை முழித்தால் அதில் மூன்று தடவை அத்தையின் டம்ளர்தான். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று அழுவாள். அம்மாவும் அத்தையிடம் சொல்லத் தயங்கினாள். பெரியவர்கள் சொல்லக் கூசியதை நான் செய்தேன். டம்ளரில் துணி சுற்றிக் கொடுத்தேன். துணி சுற்றினால் ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீர் கேட்டு அவள் தட்டியது அம்மாவின் காதில் விழவில்லை. மறுபடி துணியை அவிழ்த்தாள், மறுபடி பிள்ளை அழுதான்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள். எங்கள் வயலில் கார்ப் பருவ நடவு. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். முந்தின இரவெல்லாம் பிள்ளை உறங்கவிடவில்லை. அக்காவுக்கு முகமே வீங்கியிருந்தது. பாலைக் கொடுத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு, அடுப்படித் தரையில் படுத்தபடியே கயிற்றை இழுத்தாள்.

“ஏலே, இன்னைக்கு ஒரு நாளாவது இவன் உறங்கணும். நான் செத்துருவேன்போல இருக்கு.”

“நீ உறங்குக்கா. நான் இருக்கேம்லா.”

நடுவீட்டுக்குப் போனேன். அத்தை முழித்திருந்தாள். அவள் மார்பின் மேல் இருந்த டம்ளரை எடுத்தேன். அவள் விரல் கொஞ்சம் இறுகியது, அப்புறம் விட்டுவிட்டது. உதட்டில் விரலை வைத்து, தொட்டிலைக் காட்டினேன். நெல் மூட்டையில் ஏறி, டம்ளரைப் பரணில் பழைய பானைகளுக்குப் பின்னால் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையசைத்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தெற்கே இருந்து ஒரு பாட்டு கிளம்பியது. அடுத்த தெருவில் சடங்கு வீடு. தென்னை மரத்தில் குழாய் கட்டியிருந்தார்கள், குழாயின் வாய் நேராக எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தது. ஓட்டமாக ஓடினேன். ரேடியோ செட்டுக்காரர் பந்தலின் மூலையில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, அங்கன எங்க அக்கா பிள்ள உறங்குதான். கொழாய அந்தப் பக்கம் திருப்புங்க.”

“நீ யாருலே, கலெக்டரா?”

“திருப்பலன்னா நான் மரத்துல ஏறித் திருப்பிருவேன்.”

அவர் சிரித்தார். ஆளை ஏற்றி நிஜமாகவே குழாயை வயல் பக்கம் திருப்ப வைத்தார். வந்த வேலை முடிந்தது. நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குள் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஊசி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன ஊசியிலிருந்து எப்படி இவ்வளவு பெரிய பாட்டு தென்னை மரத்துக்கு ஏறுகிறது என்று பார்க்கக் குனிந்தேன். “ஊசி டப்பாவப் புடிலே” என்று என் கையில் கொடுத்தார். பிடித்தேன். எப்போது வானம் இருட்டியது, எப்போது சாரல் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. பந்தலின் மேலே கீற்று நனைந்து சொட்டத் தொடங்கி, அவர் பெட்டியை மூடியபோதுதான் வீட்டு நினைப்பு வந்தது. அதற்குள் மூன்று மணி நேரம் போயிருந்தது.

நனைந்துகொண்டே ஓடிவந்தேன். வாசலில் நின்று காது கொடுத்தேன். ஒரு சத்தம் இல்லை. பிள்ளை இன்னும் உறங்கிக்கொண்டிருந்தான். அடுப்படியில் அக்காவும் உறங்கிக்கொண்டிருந்தாள், அவள் கையிலிருந்து கயிறு எப்போதோ நழுவித் தரையில் கிடந்தது. எனக்கு நெஞ்சு பூரித்துப்போனது. என்னால் உறங்கும் வீடு என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அத்தையைப் பார்த்தேன். என் கவட்டைக் கல்லில் விரிசல் விட்ட ஓடு அவள் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. சாரல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் கழுத்திலும் மார்பிலும் விழுந்துகொண்டிருந்தது. தலையணை ஊறியிருந்தது, தலைமுடி ஊறியிருந்தது. கட்டிலுக்குக் கீழே தரை நனைந்திருந்தது, அது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை என்று வாடை சொன்னது. உதடு நீலம் பாரித்து நடுங்கியது. சுவர் ஓரமாகப் போகிற தொட்டில் கயிற்றை அவள் இடது கை பிடித்திருந்தது.

எனக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான். டம்ளரை நான் எடுத்துவிட்டேன் என்று இவளுக்குக் கோபம். கயிற்றை இழுத்துப் பிள்ளையை எழுப்பப் பார்க்கிறாள். என் டிரான்சிஸ்டருக்கு உலை வைக்கிறாள். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். விரலெல்லாம் ஐஸ் மாதிரி இருந்தது, உள்ளங்கையில் கயிறு உரசிய இடம் சிவந்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்ததெல்லாம் நினைவிருக்கிறது.

கயிறு விடுபட்டு, தொட்டில் ஆட்டம் நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து அழுதான்.

அக்கா எழுந்து வந்தாள். வெளியே வெளிச்சத்தைப் பார்த்தாள். “ஏலே, மணி என்னலே? இவ்ளோ நேரமா உறங்குனான்?” என்று கேட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்துக்கு அப்பாவும் அம்மாவும் நடவிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார்கள். அக்கா அவர்களிடம் ஓடினாள்.

“எம்மா, மூணு மணி நேரம்மா! அசையல. எந்தம்பி ஒத்த ஆளா வீட்டக் காத்திருக்கான்.”

அம்மா சிரித்த முகத்தோடு நடுவீட்டுக்குள் வந்தாள். அத்தையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயோ மதினி! என்ன இப்படி நனைஞ்சு கெடக்கிய? ஏன் தட்டல? டம்ளர எங்க?”

எல்லாரும் டம்ளரைத் தேடினார்கள். கட்டிலின் கீழே குனிந்து பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொன்னேனா, யோசிக்காமல் சொன்னேனா என்று இத்தனை வருஷமும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“அத்த வேணும்னே தட்டித் தட்டிப் பிள்ளைய எழுப்பப் பாத்தா. அதான் வாங்கிப் பரண்ல வச்சேன். அப்பவும் அடங்காம, தொட்டில் கயித்தப் புடிச்சு இழுக்கா. இப்ப எழுப்பி விட்டதும் அவதான்.”

அக்காவின் முகம் மாறியது. பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அம்மா சேலை முந்தானையால் அத்தையின் கழுத்தைத் துடைத்தாள். அப்பா கட்டிலின் அருகில் வந்து குந்தினார். தன் அக்காவை அவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

“எக்கா, பச்சப் பிள்ளைட்ட ஒனக்கு என்ன வீம்பு? ஒரு பிள்ள போயி இவ பட்ட பாடு ஒனக்குத் தெரியாதா?”

அத்தை அவரைப் பார்க்கவில்லை. அவள் கண் என்னிடம் வந்தது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும், கோபத்துக்கு நான் தயாராக இருந்தேன். அவளால் ‘ஆ’ என்று குரல் எடுக்க முடியும். இல்லை என்று தலையாட்ட முடியும். அவள் இரண்டும் செய்யவில்லை. என்னைப் பார்த்தாள், அப்புறம் அக்காவின் தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கட்டிலைப் பின்பக்கச் சாய்ப்புக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டார்கள். “அங்கன ஒழுகாது” என்று அப்பா எல்லாரிடமும் காரணம் சொன்னார். ஓட்டை மாற்றிவிட்டால் நடுவீட்டிலும் ஒழுகாது என்று அவருக்கும் தெரியும். டம்ளரை நானே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சாய்ப்பில் எவ்வளவு தட்டினாலும் பிள்ளை முழிக்க மாட்டான் என்பதால் கொடுத்தேன்.

அத்தான் ஆடியில் வந்தார். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். “இவன்தான் ஒங்க மவன உறங்க வச்ச ஆளு” என்று சொல்லி, டிரான்சிஸ்டரை என் கையில் வாங்கிக் கொடுத்தாள். லீவு முடிந்து போகும்போது அத்தான் அதை எனக்கென்றே விட்டுவிட்டுப் போனார். அதைத்தான் முதன்முதலில் பிரித்துப் பார்த்தேன். மூட முடியாமல் அப்பாவிடம் அடி வாங்கினேன், மூன்று மாதத்தில் மூடவும் பாடவைக்கவும் கற்றேன். என் தொழில் அங்கே தொடங்கியது. யார் கையையும் பிடிக்காமல் மேலே வந்தேன் என்று மைக்கில் சொல்வேன் என்றேனே, அந்தத் தொழில்.

அத்தை அந்தத் தைப் பொங்கலைப் பார்க்கவில்லை. நனைந்த அன்று பிடித்த சளி போகவே இல்லை என்று அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் காதில் விழும்படி சொன்னாள். பிள்ளை தேறிவிட்டான். இன்று அவனுக்கே பேத்தி இருக்கிறாள். என்னைக் காணும்போதெல்லாம், “எங்க மாமா இல்லன்னா நான் உறங்கியே இருக்க மாட்டேன்” என்று சொல்லிச் சிரிப்பான். அக்கா சொல்லிக் கொடுத்தது.

போன வாரம் மகன் ஒரு மின்சாரத் தொட்டில் வாங்கினான். பொத்தானை அமுக்கினால் அதுவே ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. “மோட்டார்ல ஏதோ இடிக்குப்பா, திருப்பி அனுப்பிருவோமா? நீங்க ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க” என்றான். வீட்டில் சத்தம் சம்பந்தப்பட்ட வழக்கெல்லாம் என்னிடம்தான் வரும். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். டக். அந்தப் பக்கம் போகிறது. டக். இந்தப் பக்கம் வருகிறது. டக். டக்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அத்தையின் டம்ளர் ஒரு நாள் தட்டிய அதே இடைவெளி. மூன்று மணி நேரம் ஆட்டம் நிற்காமல் இருந்தால்தானே அவன் உறங்குவான், அக்காவின் கையிலிருந்து கயிறு நழுவியிருந்தபோது ஆட்டியது யார் என்று அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கட்டிலிலேயே இருந்தது. கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்திருந்தால் போதும், பிள்ளை வீறிட்டிருப்பான், அக்கா ஓடி வந்திருப்பாள், அத்தை நனைந்திருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். நான் வெறுங்கையாக்கிவிட்டுப் போன அந்தக் கை, மழை சொட்டச் சொட்ட, மெதுவாகவே இழுத்திருக்கிறது.

“என்னப்பா, கோளாறா?” என்று மகன் கேட்டான்.

“ஒரு கோளாறும் இல்லலே. இருக்கட்டும்” என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அத்தையைச் சாய்ப்புக்கு மாற்றிய அன்று மத்தியானம் பிள்ளை உறங்கவே இல்லை. கப்பிக்கு எண்ணெய் இருந்தது, ஆட்டு மணியில் கந்தல் இருந்தது, நான் வாசலில் காவல் இருந்தேன், எல்லாம் அப்படியே இருந்தது. அவன் மட்டும் நீலம் பாரிக்கும்படி அழுதான். அக்கா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அவன் அழுகை உச்சத்துக்குப் போன நேரத்தில், பின்னால் சாய்ப்பிலிருந்து டம்ளர் சத்தம் கேட்டது. ஒரு தட்டு. தண்ணீர் என்று செம்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் செம்பைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குள்ளே அழுகை வந்த திக்கைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு. மூன்று. நான்கு. நான்குக்கு உட்கார வேண்டும் என்று உட்காரப் போனேன். அதற்குள் ஐந்து. ஆறு. அவசரமே இல்லாமல், தொட்டில் போய் வருகிற இடைவெளியில், ஒரே சீராக, நிறுத்தாமல். பிள்ளை ஓய்ந்து விம்மத் தொடங்கியதும் தட்டும் மெலிந்தது.

என் கணக்கில் ஐந்து என்று ஒன்று கிடையாது. கையில் செம்போடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு சாய்ப்புக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு வந்து, எல்லாம் தெரிந்தவனாக அம்மாவிடம் சொன்னேன்.

“அத்தைக்கு எண்ணம் தப்பிப்போச்சும்மா. எத்தன தட்டுதோம்னு அவளுக்கே தெரியல.”